கூலிம் வழியாக விண்கப்பலுக்கு

1966-இல் ‘ஸ்டார் டிரெக்’ தொடரில் ரோமுலன் கப்பல் ஒன்று கண்ணெதிரே மறைந்தது. அதைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் யோசிக்கும் பிள்ளை கெடாவின் பீடோங்கிலோ பாடாங் செராயிலோ இருந்தால், தம்பி, தங்கச்சி, இது உங்களுக்குத்தான். அந்த ஆசைக்குப் பொருத்தமான வேலை உண்டு. அது மெட்டாமெட்டீரியல் துறை: தன் நுண்ணிய வடிவத்தால் அலையைத் திருப்பும் செயற்கைப் பொருள்களைச் செய்யும் வேலை.

1898-இல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் சணலை முறுக்கி மின்காந்த அலையின் பாதையில் வைத்தார். அலையின் அதிர்வுத் தளம் திரும்பியது. வலமாக முறுக்கினால் ஒரு பக்கம், இடமாக முறுக்கினால் மறுபக்கம். அலையைத் திருப்பியது முறுக்கின் வடிவம்! 2006-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் செப்பு வளையங்கள் அச்சிட்ட தகடுகளை வட்ட வட்டமாக நிறுத்தி, நடுவிலிருந்த செப்பு உருளையை மைக்ரோவேவ் அலையிடமிருந்து ஓரளவு மறைத்தார்கள். வெறுங்கண்ணுக்கு அது தெரிந்துகொண்டுதான் இருந்தது.

காரணம் எளிது. வளையம் அலைநீளத்தைவிடச் சிறிதாக இருக்க வேண்டும். மைக்ரோவேவுக்கு மில்லிமீட்டர் அளவு போதும், சர்க்கியூட் போர்டிலேயே அச்சிடலாம். கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போக வேண்டும். அதற்கு சிப் செய்யும் நுட்பம் வேண்டும்: ஒளியால் வடிவம் அச்சிடும் லித்தோகிராபி, அதை அரித்துச் செதுக்கும் எட்சிங்.

அந்த நுட்பம் கூலிம் ஹை-டெக் பார்க்கில் இருக்கிறது. சில்தெரா, இன்பினியன் ஆகிய நிறுவனங்கள் அங்கே வேபர் தகடுகளில் சிப் செய்கின்றன. விண்கப்பல் செய்வதில்லை; ஆனால் அங்கே பழகும் கை, ஒளியை வளைக்கும் தட்டை லென்ஸ் செய்யவும் உதவும். தூரம் அளக்கும் சென்சார்களில் அந்த லென்ஸ் ஏற்கெனவே வந்துவிட்டது. என் கணிப்பில், மறைக்கும் போர்வையைவிட சென்சார் பக்கம்தான் வேலை முதலில் பெருகும்.

படிவம் 4-இல் இயற்பியலையும் கூடுதல் கணிதத்தையும் விடாதீர்கள். “கஷ்டம், வேண்டாம்” என்று யார் சொன்னாலும் விடாதீர்கள். எஸ்பிஎம் முடித்ததும் கூலிம் பொலிடெக்னிக்கில் மின்னணுவியல் டிப்ளோமா ஒரு வழி; எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன் அல்லது டிப்ளோமாவுக்குப் பிறகு நிபோங் திபாலில் உள்ள யூஎஸ்எம் பொறியியல் வளாகம் இன்னொரு வழி. இப்போதே ‘மீப்’ என்ற இலவச மென்பொருளில் ஒரு வளையத்தை வரைந்து, அலை எப்படி வளைகிறது என்று பாருங்கள்.

குடும்பச் சூழலால் உடனே ஆபரேட்டராகச் சேர வேண்டியிருந்தால், சேருங்கள். நேர்முகத் தேர்விலேயே இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்தப் பிரிவில் போடுவார்கள், ஷிப்ட் பார்த்துக்கொண்டே படிக்க விடுவார்களா. லித்தோ, எட்ச், அளவீடு என்று பதில் வந்தால் நல்ல இடம்.