வீட்டுத் தோட்டம்: குடியிருப்போர் அறிய வேண்டிய மஸ்அலாக்கள்

மரம் நடுவதையும் விதை போடுவதையும் வெறும் துன்யா காரியம் என்று ஒதுக்கிவிட்டு, தொழுகை, நோன்பு, ஜகாத்து இவை மட்டுமே தீன் என்று எண்ணுவோர் நம்மில் உண்டு. ஹதீஸ் கிதாபுகள் அவ்வாறு பிரித்துக் காட்டவில்லை. அன்சாரிப் பெண்மணி உம்மு முபஷ்ஷிர் (ரலி) அவர்களின் பேரீச்சந் தோட்டத்திற்கு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை சென்றார்கள். இதனை நட்டவர் முஸ்லிமா, பிறரா என்று வினவினார்கள். முஸ்லிம்தான் என்று அந்த அம்மையார் விடை கூறியதும், ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ மனிதனோ பிராணியோ வேறு எதுவுமோ உண்ணுமாயின் அது அவருக்குத் தர்மமாகிவிடும் என்ற கருத்தை மொழிந்தருளினார்கள். ஜாபிர் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. இதே கருத்தில் அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரியிலும் இருக்கிறது. முஸ்லிமின் மற்றோர் அறிவிப்பில், அம்மரத்திலிருந்து திருடப்பட்டதுங்கூட நட்டவருக்குத் தர்மம் என்று வருகிறது. கொய்யாவை அணில் கொறித்துவிட்டது, பப்பாளியைக் கிளி கொத்திவிட்டது என்று அங்கலாய்க்கும் நம் வீட்டுப் பெண்மணிகள் இதை நினைவில் வைத்தால் பாதி வருத்தம் நீங்கும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. உண்பவர் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்று ஹதீஸில் நிபந்தனை இல்லை. மனிதன் என்றே வந்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் வாழ்வோருக்கு இது மிகவும் பொருந்தும். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலை திறக்கப்பட்டது. அதன் முன்னும் பின்னும் எத்தனையோ ஆலைகள் வந்தன. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர்களில் இன்று வரிசை வரிசையாக லைன் வீடுகள் நிற்கின்றன. ஒரே வரிசையில் தென்மாவட்டத்துக்காரரும் ஒடிசாக்காரரும் பீகார்க்காரரும் குடியிருக்கிறார்கள். மூன்றாவது வீட்டின் பின்புறத்தில் ஒருவர் வைத்த முருங்கையில் ஆறு வீட்டுக்காரர்கள் கீரை பறிக்கிறார்கள். வைத்தவருக்கு ஆறு வீட்டின் நன்மையும் உண்டு.

ஆனால் நன்மை தரும் இதே செடி வழக்குக்கும் காரணமாகிவிடுகிறது. ஆலையில் வேலை பார்க்கும் சகோதரர் ஒருவர் கேட்ட மஸ்அலா இது: வாடகை வீட்டின் பின்புறம் முருங்கையும் இரண்டு பப்பாளியும் வைத்து மூன்று ஆண்டுகளாக வளர்த்தேன். இப்போது வீட்டைக் காலி செய்கிறேன். மரத்தை வெட்டாதே என்கிறார் வீட்டுக்காரர். அதற்காக எதுவும் தரவும் மறுக்கிறார். மரம் யாருக்குச் சொந்தம்?

இதற்கு விடை காணும் முன், நடும்போது வீட்டுக்காரரின் அனுமதி இருந்ததா என்பதை முதலில் பார்க்க வேண்டும். வீட்டை வாடகைக்குப் பிடித்தவர் குடியிருக்கும் உரிமையைத்தான் பெறுகிறார். மண்ணைத் தோண்டி மரம் வைக்கும் உரிமை அதில் தானாக அடங்காது. பின்வாசலில் இரண்டு மிளகாய்ச் செடி, ஒரு கறிவேப்பிலைக் கன்று வைப்பதை எந்த வீட்டுக்காரரும் பொருட்படுத்துவதில்லை. அது ஊர் வழக்கம். பிக்ஹில் இதை ‘உர்ஃபு’ என்பர். சுவரின் அடித்தளத்துக்குள் வேர் ஓட்டும் மரம் அப்படியல்ல. அனுமதியின்றி நட்டிருந்தால் சட்டம் கடுமையானது. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் ஒருவர் மற்றொருவரின் நிலத்தில் பேரீச்ச மரங்களை நட்டுவிட்டார். வழக்கு வந்தது. நிலம் நிலத்துக்காரருக்கே என்றும், நட்டவர் தம் மரங்களை அகற்றிக்கொள்ள வேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று. நெடிது வளர்ந்திருந்த அம்மரங்களின் வேரில் கோடரி விழுந்ததைத் தம் கண்ணால் கண்டதாகச் சொன்னவரின் செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அநியாயமாக ஊன்றப்பட்ட வேருக்கு எந்த உரிமையும் கிடையாது என்பதே அந்த ஹதீஸின் சாரம்.

அனுமதி பெற்று நட்டிருந்தால் மரம் நட்டவருக்குச் சொந்தம், மண் வீட்டுக்காரருக்குச் சொந்தம். வாடகைக் காலம் முடிந்ததும் நட்டவர் மரத்தைப் பெயர்த்து நிலத்தை வெறுமையாக ஒப்படைக்க வேண்டும் என்பது ஹனபி மத்ஹபின் சட்டம். இருவரும் இசைந்தால், பெயர்த்த நிலையில் மரத்துக்கு என்ன மதிப்போ அதைக் கொடுத்து வீட்டுக்காரர் எடுத்துக்கொள்ளலாம், அல்லது மரத்தை அப்படியே விட்டுவைக்க உடன்படலாம். பெயர்ப்பதால் நிலத்துக்குச் சேதம் வரும் என்றால், நட்டவர் இசையாவிட்டாலும் அந்த மதிப்பைக் கொடுத்து வீட்டுக்காரர் மரத்தை உடைமையாக்கிக்கொள்ளலாம். விலையும் தரமாட்டேன், பெயர்க்கவும் விடமாட்டேன் என்று சொல்ல மட்டும் அவருக்கு உரிமை இல்லை.

இது மரத்தின் சட்டம். கத்தரி, வெண்டை, கீரை போன்று பருவம் முடிந்தால் தானே போய்விடும் பயிருக்குச் சட்டம் வேறு. வாடகைக் காலம் முடியும்போது பயிர் முற்றாமல் நின்றால், அவ்விடத்துக்கு நியாயமான வாடகையைக் கொடுத்து அறுவடை வரை விட்டுவைக்கலாம். மரத்துக்கு முடிவில்லை, பயிருக்கு முடிவு உண்டு என்பதே இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டுக்குக் காரணம்.

கேள்வி கேட்ட சகோதரருக்கு நாம் சொன்னது இதுதான். முருங்கையிலிருந்து போத்து வெட்டிக்கொள்வது உங்கள் உரிமை. புதிய வீட்டில் ஊன்றினால் பிழைத்துக்கொள்ளும். மரத்தை விட்டுச் செல்ல மனமிருந்தால், ‘இதை உங்களுக்கு ஹிபாவாகத் தந்தேன்’ என்று வீட்டுக்காரரிடம் வாயால் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள். சொல்லாமல் போனால் மரம் உங்கள் பெயரிலேயே நிற்கும். அடுத்துக் குடிவருபவர் உரிமை தெரியாமல் காய் பறித்துக்கொண்டிருப்பார். சொல்லிவிட்டால் அவருக்கும் மனக்குறை இருக்காது, உங்களுக்கும் தர்மத்தின் நன்மை நிற்காது.

குடியிருப்போருக்கு இவ்வளவு சிக்கலும் வேண்டாமென்றால் தொட்டியிலும் பையிலும் வளர்ப்பதே நல்லது. செடி உங்களுடையது, மண்ணும் உங்களுடையது, வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம். 2013-14இல் தமிழகத் தோட்டக்கலைத் துறை ‘நீங்களே செய்து பாருங்கள்’ என்ற பெயரில் செடிப் பை, விதை, தென்னை நார்க்கழிவுக் கட்டி, உயிர் உரம் ஆகியவற்றை ஒரே தொகுப்பாக மானிய விலையில் சென்னையிலும் கோவையிலும் வழங்கத் தொடங்கியது. மாடித் தோட்டம் என்பது நம் மக்களிடையே பரவ அது பெரிதும் உதவிற்று. ஆனால் மாடியும் வீட்டுக்காரருடையதே. ஈரம் கசிந்து தளம் கெட்டால் ஈடு கொடுக்கும் பொறுப்பு உங்களைச் சேரும். எனவே அங்கும் அனுமதி கேட்டே வைக்க வேண்டும்.

பை வாங்க வசதியில்லாதவர்கள் பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் டிரம்மை வாங்கி, பாதியாக அறுத்து மண் நிரப்புகிறார்கள். ஆலைகள் நிறைந்த இவ்வட்டாரத்தில் அந்த டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்று கேட்காமல் வாங்கலாகாது. பெயிண்டு, அமிலம், கரைப்பான், எண்ணெய் இருந்த டிரம்மில் கீரை போடக்கூடாது. எண்ணெய் டின்னாகவே இருந்தாலும் சமையல் எண்ணெயா, இயந்திர எண்ணெயா என்று பாருங்கள்.

அடுத்துத் தண்ணீர். நம் மக்கள் அதிகம் குழம்புவது இதில்தான். ஒளூச் செய்த நீரைச் செடிக்கு ஊற்றலாமா என்று பலர் தயங்குகிறார்கள். ஒளூவுக்குப் பயன்பட்ட நீர் தானே சுத்தமானது, பிறிதொன்றைச் சுத்தப்படுத்தாது, அவ்வளவே. ஹனபி, ஷாபிஈ இரு மத்ஹபிலும் இதுவே சட்டம். அதைக் கொண்டு மறுபடி ஒளூச் செய்யத்தான் கூடாது, செடிக்கு ஊற்றத் தடையில்லை. அரிசி கழுவிய நீரும் மீன் கழுவிய நீரும் அவ்வாறே ஊற்றலாம். இரத்தம் கலந்த நஜீஸான நீரை வேரில் ஊற்றினாலும் அதில் விளையும் காய் நஜீஸாகாது. இலையிலோ காயிலோ தெறித்த இடத்தை மட்டும் கழுவிவிட வேண்டும். ஆர்.ஓ. இயந்திரம் ஒதுக்கித் தள்ளும் நீரும் மார்க்கப்படி சுத்தமானதே. ஆனால் உப்பு மிகுந்தது. நாள்தோறும் அதையே ஊற்றினால் தொட்டி மண்ணில் உப்புப் படிந்து செடி கருகும். மழைநீரோடும் நல்ல நீரோடும் மாற்றி மாற்றி விடவேண்டும்.

இனிச் சொல்லப்போவதைக் கவனமாகப் படியுங்கள். ஆலைக் கழிவு கலந்த ஓடை நீரைச் செடிக்கு விடலாமா? நிறம், மணம், சுவை நஜீஸினால் மாறியிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பவர், மாறவில்லை என்றால் கூடும் என்று சொல்லிவிடக்கூடும். அது முழு விடையல்ல. சுத்தம் என்பது ஒரு கேள்வி, தீங்கு என்பது வேறொரு கேள்வி. தீங்கு செய்தலும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்தலும் கூடாது என்ற கருத்துள்ள ஹதீஸ் இப்னு மாஜாவில் உள்ளது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவிலும் உள்ளது. அதன்மேல் புகஹாக்கள் எத்தனையோ சட்டங்களைக் கட்டியிருக்கிறார்கள். காரீயம், காட்மியம் போன்ற உலோகங்கள் கலந்த நீர் கண்ணுக்குத் தெளிவாகவே இருக்கும். நஜீஸ் என்று சொல்லவும் இடமிருக்காது. ஆயினும் செடி அவற்றை வேரால் உறிஞ்சிக்கொள்ளும். காய்களைவிடக் கீரைகளே இவற்றை அதிகம் சேர்த்து வைக்கும். வெளியே ஒட்டியிருக்கும் தூசியைக் கழுவலாம், இலைக்குள் ஏறிவிட்டதைக் கழுவ முடியாது. பிள்ளைகள் உண்ணும் உணவில் தெரிந்தே அதைக் கலப்பது ஆகாத செயல். இந்நீரைக் கொண்டு விளைந்ததை விஷயம் மறைத்து அண்டை வீட்டாருக்குக் கொடுப்பதோ விற்பதோ அதைவிடக் கொடியது. போர்வெல் நீரில் ஐயமிருந்தால் நீர்ப் பரிசோதனைக்குக் கொடுத்துப் பாருங்கள். இங்குள்ள ஏரிகளின் உபரி நீர் செம்பரம்பாக்கம் ஏரிக்குச் செல்கிறது, அது சென்னை மக்களின் குடிநீர். ஆகவே நாம் செடிக்கு அடிக்கும் பூச்சி மருந்தின் மீதியை வாய்க்காலில் கொட்டுவதும் இச்சட்டத்துக்குள் வரும்.

பள்ளிவாசல் நீரைக் குடத்தில் எடுத்துச் சென்று வீட்டுச் செடிக்கு ஊற்றுவது கூடாது. அது தொழ வருவோருக்காக வக்பு செய்யப்பட்டது. ஹவ்ளிலிருந்து வழியும் ஒளூ நீரைப் பள்ளியின் வெளி வளாகத்து வாழைக்கே பாயவிடுவது நல்ல ஏற்பாடு. அந்த வாழைத்தார் பள்ளிக்குச் சொந்தம். அதை விற்றுப் பள்ளியின் செலவில் சேர்க்க வேண்டும். முத்தவல்லியோ இமாமோ வீட்டுக்கு எடுத்துச் செல்லலாகாது. போவோர் வருவோர் உண்ணட்டும் என்ற நிய்யத்தில் நட்டது என்று தெரிந்தால் மட்டும் யாரும் உண்ணலாம்.

எருவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஷாபிஈ மத்ஹபில் மாட்டுச் சாணமும் ஆட்டுப் புழுக்கையும் நஜீஸ். ஹனபியிலும் நஜீஸே, கடுமையில்தான் இமாம்களிடையே கருத்து வேறுபாடு. எனினும் உரமாகப் போடுவதற்கு இரு மத்ஹபிலும் அனுமதி உண்டு. விளைந்த காய் ஹலால்தான், சாணம் பட்ட இடத்தைக் கழுவினால் போதும். விலை கொடுத்து வாங்குவது ஹனபியில் ஜாயிஸ். ஷாபிஈயில் நஜீஸை விற்பது செல்லாது என்பதால், உரிமையை விட்டுக்கொடுப்பதற்கு ஈடாகப் பணம் பெறுவதாகப் பேசிக்கொள்ள வேண்டும். தொழுகை உடையோடு எருத் தட்டாதீர்கள்.

பக்கத்து வீட்டுப் பக்கம் சாய்ந்த கிளையை வளைத்துக் கட்டவோ வெட்டவோ கேட்கும் உரிமை பக்கத்து வீட்டாருக்கு உண்டு. அக்கிளையின் காயைக் கேளாமல் பறிக்கும் உரிமை அவருக்கு இல்லை. கீழே விழுந்த பழமும் மரத்துக்காரருடையதே. எடுத்தால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார் என்பது ஊர் வழக்கத்தால் தெரிந்திருந்தால் எடுக்கலாம். குழம்பு காய்ச்சினால் நீரைக் கூட்டி அண்டை வீட்டாருக்கும் கொடுக்கும்படி அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி முஸ்லிமில் இருக்கிறது. கேட்குமுன் ஒரு கை கீரையைக் கொடுத்தனுப்பும் வீட்டில் கிளை வழக்கு வருவதில்லை.

கடைசியாக, வீட்டுத் தோட்டத்தில் விளைவதற்கு உஷ்ரு உண்டா என்று கேட்கிறார்கள். நிலத்தில் விளையும் காய்கறிக்கும், குறைவோ நிறைவோ, உஷ்ரு உண்டு என்பது இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் கருத்து. ஆனால் குடியிருக்கும் வீட்டுக்குள் நிற்கும் மரத்தின் கனிக்கு உஷ்ரு இல்லை என்று ஹனபி கிதாபுகளிலேயே தெளிவாக வந்துள்ளது. ஷாபிஈ மத்ஹபிலோ கனிகளில் பேரீச்சைக்கும் திராட்சைக்கும், பயிர்களில் சேமித்து உண்ணும் தானியங்களுக்கும் மட்டுமே ஜகாத்து. அவையும் 5 வஸக்கை எட்ட வேண்டும். கத்தரி, வெண்டை, முருங்கை, வாழைக்கு இல்லை. வயலும் தோப்பும் உடையவர்களின் சட்டம் வேறு. அவர்கள் தம் நிலத்தின் விவரத்தைச் சொல்லி ஆலிம்களிடம் நேரில் கேட்டுக்கொள்ள வேண்டும்.