நெய்வேலியில் கம்ப்யூட்டர் வேலைக்கு வருகிறவர்களுக்கு

1. கேட் தேர்வு எழுதி என்.எல்.சி.யில் சேரும் பிள்ளைகள், சீட்டில் உட்காரும் முன் சுரங்கத்தை நேரில் பார்த்துவிடுங்கள். திரையில் ஒரு வரியாகத் தெரியும் ஸ்டோர்ஸ் ஐட்டம்தான் அங்கே கன்வேயர் பெல்ட்டை ஓடவைக்கிற உதிரி பாகம்.

2. சம்பள மென்பொருளில் கை வைக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். பொதுத்துறையில் அகவிலைப்படி ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என 3 மாதத்துக்கு ஒருமுறை மாறும். சதவீதத்தை நிரலுக்குள் எழுதாதீர்கள். 'எந்தத் தேதி முதல்' என்ற கட்டத்தோடு தனி அட்டவணையில் வையுங்கள். பழைய விகிதங்களை அழிக்கவே கூடாது. ஊதியத் திருத்தம் பின்தேதியிட்டுத்தான் வரும். அதிகாரிகளுக்கான கடந்த திருத்தம் 2017 ஜனவரி 1 முதல் கணக்கிடப்பட்டது. அரியர்ஸ் போடும்போது, இடையில் ஓய்வு பெற்றவருக்கும் பாக்கி சேர வேண்டும். அந்தப் பணத்தை நம்பி மகள் கல்யாணத்துக்கு நாள் குறித்திருப்பார்கள்.

3. நிறுவனத்தின் பெயரையும் அப்படியே அட்டவணையில் வையுங்கள். 1956-ல் தொடங்கிய நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் 2016-ல் என்.எல்.சி. இந்தியா லிமிடெட் ஆனது. அச்சாகும் படிவம் ஒவ்வொன்றையும் திறந்து பெயரைத் திருத்துவது வீண் உழைப்பு.

4. "சின்ன மாற்றம்தான், இன்னைக்கே போட்டுடுங்க" என்று போன் வரும். "ஒரு நோட் போட்டு அனுப்புங்க சார், உடனே செஞ்சிடறேன்" என்று பணிவாகச் சொல்லுங்கள். என்ன மாற்றம், ஏன், யார் ஒப்புதல் என்பது ஃபைலில் இருக்கட்டும். தணிக்கையாளர் சில வருடம் கழித்துக் கேட்பார். அதற்குள் கேட்டவரும் செய்தவரும் வேறு பிரிவுக்கு மாறியிருப்பார்கள். இதை முரண்டு என்று நினைப்பவர்கள் உண்டு. உங்களுக்குப் பின் அந்த சீட்டுக்கு வருபவருக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி இதுதான் என்பேன்.

5. சர்வர் பராமரிப்பு ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே ஃபைலை நகர்த்துங்கள். இன்டெண்ட், எஸ்டிமேட், நிதிப் பிரிவு, டெண்டர் என்று அது சுற்றி வர அவ்வளவு நாள் பிடிக்கும்.

6. வீட்டு பென் டிரைவ் அலுவலகத்துக்கு வேண்டாம். 2019-ல் கூடங்குளத்தில், நிர்வாக வேலைக்கான இணையத் தொடர்புள்ள கம்ப்யூட்டர் ஒன்றில் தீம்பொருள் புகுந்ததை அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. உலையின் கட்டுப்பாட்டு வலை தனியாக இருந்ததால் அது பாதிக்கப்படவில்லை. உங்கள் வலைகளும் தனித்தனியாகவே இருக்கட்டும். ஊடுருவல் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 முதல் விதி.

7. பேக்கப்பின் ஒரு பிரதி கடலூர் மாவட்டத்துக்கு வெளியே இருக்க வேண்டும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் இந்தப் பக்கத்தை என்ன பாடு படுத்தியது என்று டவுன்ஷிப் பிளாக்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

8. வீட்டில் இருப்பவர்களுக்கு: சம்பளம் போடும் நாட்களில் இரவுச் சாப்பாட்டை ஹாட் பேக்கில் எடுத்து வையுங்கள்.

9. ஒப்பந்தத் தொழிலாளர் பார்க்கும் திரையும் சம்பளச் சீட்டும் தமிழிலும் இருக்கட்டும். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர், பி.எஃப். எவ்வளவு பிடித்தார்கள் என்பதை இன்னொருவரிடம் கேட்காமல் தானே படித்துக்கொள்ள வேண்டும்.