செஸ்ஸில் 'நல்லா ஆடுறவர்' யார்?

 

"நான் அவ்வளவு நல்லா ஆட மாட்டேன்பா." செஸ் போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சொன்னால் நம்மில் பாதிப் பேர், அதிலும் பெண்கள், சொல்லும் பதில் இதுதான். சரி, எவ்வளவு ஆடினால் 'நல்லா ஆடுறவர்'? வீட்டில் என் தம்பியை நான் சுலபமாக ஜெயிப்பேன். வகுப்பில் அப்படி ஜெயிக்க முடியறதில்லை. அப்போ நான் எந்த ரகம்?

அளவுகோல் உண்டா?

உண்டு. அதன் பெயர் ரேட்டிங். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஆர்பாட் ஈலோ இந்தக் கணக்கை உருவாக்கினார். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1970-ல் இதை ஏற்றது. நம்மைவிட ரேட்டிங் கூடினவரை ஜெயித்தால் நிறைய புள்ளி ஏறும். குறைந்தவரிடம் தோற்றால் நிறைய இறங்கும். 200 புள்ளி வித்தியாசம் இருந்தால், 100 ஆட்டத்தில் கூடினவருக்குச் சுமார் 76 பாயிண்ட் கிடைக்கும். மீதி 24 மற்றவருக்கு! அதனால் 'அவங்ககிட்ட ஜெயிக்கவே முடியாது' என்பது கணக்குப்படியே தப்பு.

ரேட்டிங் படிகள்

1400 – ஃபிடே பட்டியலில் சேரக் குறைந்தபட்சம் (2024 மார்ச் முதல்)
2200 – கேண்டிடேட் மாஸ்டர்
2300 – ஃபிடே மாஸ்டர்
2400 – இன்டர்நேஷனல் மாஸ்டர்
2500 – கிராண்ட்மாஸ்டர்

கடைசி இரண்டுக்கும் பெரிய போட்டிகளில் 'நார்ம்' என்ற தகுதியும் பெற வேண்டும்.

நம் தமிழ்நாட்டுப் பெருமை

இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் மானுவல் ஆரோன் (1961). முதல் கிராண்ட்மாஸ்டர் விஸ்வநாதன் ஆனந்த் (1988). குகேஷ் 2024 டிசம்பரில் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். வைஷாலி அக்கா 2023-ல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அவர் ஆடுவதைப் பார்த்துத்தான் தம்பி பிரக்ஞானந்தாவுக்கே செஸ் ஆசை வந்ததாம்!

நமக்கு எது அளவு?

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் பஸ் ஒவ்வொரு வளைவாகத்தான் ஏறும். 2500-ஐ நினைத்துக் கீழேயே நின்றுவிடக் கூடாது. நம் பள்ளி அளவில் இந்த ஐந்தும் வந்தால் நல்ல ஆட்டக்காரர் என்பது என் கருத்து:

1. எதிராளி காய் நகர்த்தியதும், 'இதை ஏன் வச்சாங்க?' என்று யோசிப்பது.
2. எந்தக் காயையும் சும்மா வெட்டுக் கொடுக்காமல் இருப்பது.
3. குதிரையால் ஒரே நேரத்தில் ராஜாவையும் யானையையும் தாக்கத் தெரிவது.
4. ராஜா, ஒரு யானை மட்டும் வைத்துத் தனி ராஜாவை செக்மேட் செய்வது.
5. ஆட்டத்தை நோட்டில் எழுதி, தோற்ற இடத்தைக் கண்டுபிடிப்பது.

இதற்கு கம்ப்யூட்டர் வேண்டாம். ஒரு போர்டும், கூட ஆட ஒருத்தரும் போதும்.

இன்னொன்று. ரேட்டிங் உள்ளவர்களோடு போட்டியில் ஆடினால்தான் ரேட்டிங் கிடைக்கும். நம்மிடம் ரேட்டிங் இல்லை என்றால் திறமை இல்லை என்று அர்த்தம் இல்லை. இன்னும் யாரும் அளந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். அளக்க வேண்டுமென்றால் முதலில் பெயர் கொடுக்கணும். தோழிகளே, அடுத்த முறை கேட்கும்போது கை தூக்குங்க!

யோசியுங்கள்: ராஜா, ஒரு குதிரை மட்டும் வைத்துத் தனி ராஜாவை செக்மேட் செய்ய முடியுமா? விடை அடுத்த இதழில்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி