நோட்டு ஒரே கையில் இருக்கலாமா?



"எங்க ஊக்குநர் அக்காவுக்கு எல்லாம் தெரியும். நாங்க கையெழுத்து மட்டும் போடுவோம்." பல குழுக்களில் இதைப் பெருமையாகவே சொல்கிறார்கள். அக்கா கெட்டிக்காரர்தான். ஆனால் மகள் பிரசவத்துக்காக அவர் மூன்று மாதம் வெளியூர் போனால்? கூட்டம் தள்ளிப்போகும். சேமிப்பு நிற்கும். தவணை தவறினால் அடுத்த கடன் கேட்கும்போது வங்கி மேலாளர் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

தருமபுரி மாவட்டத்தில் 1989-ல் குழுக்கள் தொடங்கியபோது பொறுப்புக்கு வந்த பெண்களில் பலர் இன்று பாட்டி ஆகியிருப்பார்கள். அடுத்த ஆளைத் தயார் செய்வதும் ஊக்குநரின் வேலைதான்.

இதற்குப் பயிற்சி வகுப்பு உதவும். ஆனாலும் கூட்டத்தில் உட்கார்ந்து செய்யும்போதுதான் வேலை கைக்கு வரும். முதல் மாதம் புதியவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். இரண்டாம் மாதம் அவரே எழுதட்டும், ஊக்குநர் பார்க்கட்டும். மூன்றாம் மாதம் அவரே கூட்டத்தை நடத்தட்டும். ஊக்குநர் மற்ற உறுப்பினர்களோடு பாயில் உட்காரட்டும். இந்த மூன்றாவதுதான் கஷ்டம். புதியவர் தடுமாறினால் "கொடு, நான் எழுதறேன்" என்று பேனாவைப் பிடுங்கத் தோன்றும். பிடுங்கினால் அவர் அடுத்த மாதம் பேனாவைத் தொடமாட்டார்.

எழுதிப் பழக வட்டிக் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். 10,000 ரூபாய் உள்கடன், 10 தவணை, 100-க்கு மாதம் 1 ரூபாய் வட்டி என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் அசல் 1,000, வட்டி 100. அடுத்த மாதம் மீதி அசல் 9,000-தானே, அதனால் வட்டி 90. இப்படிக் குறைந்துகொண்டே வந்தால் 10 மாதத்துக்கு மொத்த வட்டி 550 ரூபாய். மீதி அசலைப் பார்க்காமல் மாதாமாதம் 100 வாங்கினால் 1,000 ஆகிவிடும். 450 ரூபாய் கூடுதலாகக் கட்டுவது நம்மில் ஒருத்திதான். ஊக்குநர் போடும் கணக்கு சரியா என்று பார்க்க இன்னும் இரண்டு பேருக்காவது தெரிய வேண்டாமா?

கூட்டம் முடிந்ததும் ஆரம்ப இருப்போடு வரவைக் கூட்டி, செலவைக் கழித்து, கையில் உள்ள பணத்தை எல்லோர் முன்னாலும் எண்ணச் சொல்லுங்கள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது, எனக்கு எதுக்கு இந்த வம்பு" என்று ஒதுங்கும் சகோதரிகளும் உண்டு. நோட்டு எழுதுவது வேறு, குழுவை நடத்துவது வேறு. யாருக்கு அவசரம், யாருக்குக் கடன் முதலில் என்று எல்லோரையும் பேசவைத்து முடிவெடுக்கத் தெரிந்தவர் நல்ல தலைவிதான். எழுத இன்னொருவர் இருக்கட்டும். எழுதியதைச் சத்தமாக வாசித்துக் காட்டட்டும்.

பொறுப்பு போனால் மரியாதையும் போய்விடும் என்று தயங்கும் ஊக்குநர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு அனுப்புங்கள், புதுக் குழுக்களுக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். அனுபவம் வீணாகாது.

பொறுப்பாளரை மாற்ற முடிவு செய்தால் தீர்மான நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்தோ கைரேகையோ வைத்து, நகலோடு வங்கிக்குப் போகவேண்டும். புதியவரின் போட்டோவும் அடையாளச் சான்றும் கேட்பார்கள். வங்கியில் பெயர் மாறும்வரை பழையவர்கள்தான் கையெழுத்து போடவேண்டும். அதற்காக, எழுதாத பணம் எடுக்கும் படிவத்தில் முன்கூட்டியே கையெழுத்து போட்டு வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.