பயத்தைப் பார்த்துச் சிரிக்கலாமா?



பாம்புக்குப் பயப்படுகிறவரை யாரும் கேலி செய்வதில்லை. ஆனால் ஒருவர் பலூனுக்குப் பயந்தால், சட்டைப் பொத்தானைத் தொடவே நடுங்கினால் வீடே சிரிக்கிறது.

கல்லூரியில் படிக்கும் ஒரு பிள்ளை, கூடப்பிறந்த லாத்தாவின் நிக்காஹ் அன்று மண்டபத்துக்குள் வரவில்லை. வாசலில் பலூன் அலங்காரம் செய்திருந்தார்கள். "பெருமை பிடித்தவள்" என்று பேசினார்கள். சிறு வயதிலிருந்தே மாமா, சாச்சா பிள்ளைகள் அவள் காதருகே பலூனை உடைத்துச் சிரிப்பார்களாம். பெரியவர்களும் சேர்ந்து சிரித்தார்களே தவிர, தடுக்கவில்லை. குடும்பத்தாரின் சம்மதத்தோடு, ஊர் பேர் இல்லாமல் இதைச் சொல்கிறோம்.

மருத்துவர்கள் இதை ஃபோபியா என்கிறார்கள். ஆபத்துக்குப் பொருந்தாத அளவு பயம், 6 மாதமோ அதற்கு மேலோ நீடித்து, அன்றாட வாழ்க்கையைத் தடுப்பதே அதன் அடையாளம். "இது ஒன்றும் செய்யாது" என்பது பெரும்பாலும் அவருக்கே தெரியும். ஆனாலும் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், மூச்சு முட்டும். விலகி ஓடினால் அந்த நேரத்துக்கு நிம்மதி கிடைக்கும். ஓட ஓடப் பயம் வேரூன்றும்.

இதற்குச் சிகிச்சை உண்டு. 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முயலுக்குப் பயந்த ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். அவன் பிடித்ததைச் சாப்பிடும்போது கூண்டு முயலைத் தூரத்தில் வைத்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக அருகில் கொண்டுவந்தார்கள். கடைசியில் அவனே முயலைத் தடவிக் கொடுத்தான். இன்றைய சிகிச்சையும் இந்த வழிதான். முதலில் பலூன் படம், பிறகு ஊதாத பலூன், பிறகு தூரத்தில் பாதி ஊதிய பலூன். ஒவ்வொரு படியும் அவர் சம்மதத்தோடு நடக்க வேண்டும். திடீரென்று முகத்துக்கு நேரே நீட்டுவது சிகிச்சை அல்ல, கொடுமை.

"ஈமான் இருந்தால் பயம் வருமா?" என்று சிலர் கேட்கிறார்கள். கைத்தடி பாம்பாக நெளிந்தபோது மூஸா (அலை) அவர்கள் திரும்பிப் பாராமல் ஓடியதை அல்கஸஸ் அத்தியாயம் சொல்கிறது. அல்லாஹ் அவர்களைப் பழிக்கவில்லை. பயப்பட வேண்டாம் என்று ஆறுதல் சொல்லி, முன்னே வர அழைத்தான்.

ஒரு பயணத்தில் உறங்கிய தோழரின் அம்புகளைச் சிலர் எடுத்துக்கொள்ள, அவர் திடுக்கிட்டு விழித்தார், மற்றவர்கள் சிரித்தார்கள். நபி (ஸல்) அவர்கள் சிரிப்பின் காரணத்தைக் கேட்டறிந்து, ஒரு முஸ்லிமைத் திடுக்கிட வைப்பது கூடாது என்றார்கள். இது முஸ்னத் அஹ்மதில் உள்ளது. விளையாட்டுக்குச் செய்ததற்கே இந்தக் கண்டிப்பு என்பதைக் கவனிக்க வேண்டும்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியவை:

1. பயத்தைப் பட்டப்பெயர் ஆக்க வேண்டாம். வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட வேண்டாம்.
2. குழந்தைகள் பயமுறுத்தி விளையாடினால் பெரியவர்கள் அப்போதே நிறுத்த வேண்டும்.
3. விசேஷத்துக்கு முன்பே அவரிடம் கேட்டு, அலங்காரத்தைப் பூவாக மாற்றலாம்.
4. வரன் தடைப்படும் என்று மறைக்காமல் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். துஆவும் சிகிச்சையும் சேர்ந்தே இருக்கட்டும். அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

ஒருவர் பயத்தில் மற்றவர் விளையாடாத வீடுகளாக நம் வீடுகளை அல்லாஹ் ஆக்குவானாக. ஆமீன்.