பழைய கான்டெஸாவில் டர்போ: முதலில் பெட்ரோல் லைனைக் கவனியுங்கள்

1984-இல் வந்த ஹிந்துஸ்தான் கான்டெஸாவை இன்றும் பிள்ளைபோலப் பார்த்துக்கொள்பவர்கள் உண்டு. அதன் 1.8 லிட்டர் இசுஸு பெட்ரோல் எஞ்சினில் டர்போ ஏற்ற ஆசையா? காற்று கூடி, பெட்ரோல் பற்றாமல் போனால் பிஸ்டனே உருகிவிடும்.

கார்புரேட்டரோடு வரும் பழைய பம்ப் ஏறக்குறைய 3 முதல் 5 பி.எஸ்.ஐ. அழுத்தமே தரும். டர்போவுக்கு அது காணாது. செலவு கூடினாலும் இன்ஜெக்‌ஷனுக்கு மாறுவதே நல்லது. அதற்கு 40 பி.எஸ்.ஐ.க்கும் மேலான அழுத்தம் தாங்கும் ஹோஸ், மிஞ்சிய பெட்ரோல் திரும்ப ஒரு ரிட்டர்ன் லைன், டேங்குக்குள்ளேயே பம்ப் மூன்றும் வேண்டும். பம்பைச் சுற்றித் தடுப்புத் தகடு வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால், டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது சிறுமலைக் கொண்டை ஊசி வளைவுகளில் அது ஒருபக்கம் ஒதுங்க, பம்ப் காற்றை இழுக்கும்.

திண்டுக்கல் சித்திரை வெயிலில், எக்ஸாஸ்ட் ஓரமாகப் போகும் லைனில் பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிடும். லைனைத் தள்ளிக் கொண்டுபோங்கள்.

இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் பழைய ரப்பரைக் கெடுக்கும்; ஹோஸை விரலால் வளைத்துப் பாருங்கள். வெடிப்போ பிசுபிசுப்போ இருந்தால் உடனே மாற்றுங்கள். இன்ஜெக்டர், பம்ப் இரண்டையும் சற்றுப் பெரிதாகவே வாங்குங்கள்; எத்தனாலுக்கு எரிபொருள் கூடுதலாகச் செலவாகும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டி மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்காமல் ஸ்பானரைத் தொடாதீர்கள்.