மாணவர் இயக்கக் கிளைகள் சோராமல் இருக்க: புதிய பொறுப்பாளர்களுக்கு முழுமையான வழிகாட்டி

போராட்டம் நடக்கும் வாரத்தில் எந்தக் கிளையும் சோர்வதில்லை. பந்தலைப் பிரித்த பிறகுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. செமஸ்டர் தேர்வு நெருங்கும். வாட்ஸ்அப் குழுவில் பிறந்தநாள் வாழ்த்து மட்டும் மிஞ்சும். அடுத்த ஆர்ப்பாட்டத்துக்கு அழைத்தால் ‘பார்க்கலாம் தோழர்’ என்பார்கள். மேலிருந்து சுற்றறிக்கை மட்டும் வந்துகொண்டிருக்கும் கிளை வாடிவிடும். தன் ஊர்ச் செய்தியை மேலே சொல்லி, அதற்குப் பதிலும் பெறும் கிளைதான் நிலைக்கும். மாவட்ட அளவில் முதன்முறையாகப் பொறுப்பேற்றவர்கள் இதை மனத்தில் வைத்துத் தொடங்கலாம்.

படி 1: கிளைகளின் உண்மை நிலவரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

உறுப்பினர் பதிவேட்டை நம்பி வேலையைத் திட்டமிடாதீர்கள். கடைசியாக எப்போது கூட்டம் நடந்தது, எத்தனை பேர் வந்தார்கள், உண்மையில் வேலை செய்பவர் யார் என்று ஒவ்வொரு கிளைக்கும் எழுதுங்கள். பெயரளவில் இருபது கிளைகளைக் காட்டுவதைவிட, ஒழுங்காகக் கூடும் ஐந்து கிளைகள் மேல்.

படி 2: ஊர்ப் பிரச்சினையை ஊரே தீர்மானிக்கட்டும்

1960 பிப்ரவரி 1 அன்று அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோ நகரில், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவுக் கவுண்டரில் நான்கு கறுப்பின மாணவர்கள் போய் அமர்ந்தார்கள். ஊர் ஊராக மாணவர்கள் அதே வழியில் இறங்கினார்கள். ஏப்ரலில் சிவில் உரிமைச் செயற்பாட்டாளர் எலா பேக்கர் அவர்களை ராலே நகரின் ஷா பல்கலைக்கழகத்தில் கூட்டினார். அங்கே பிறந்ததுதான் எஸ்.என்.சி.சி. என்ற மாணவர் ஒருங்கிணைப்புக் குழு. மூத்த அமைப்புகளின் இளைஞர் பிரிவாக அடங்கிவிடாமல், மாணவர்களே முடிவெடுக்க வேண்டும் என்பதில் பேக்கர் உறுதியாக இருந்தார்.

உங்கள் கிளைக்கும் அந்த உரிமை வேண்டும். ஒரு கல்லூரியில் கல்வி உதவித்தொகை தாமதமாகலாம். இன்னொன்றில் மாலை வகுப்பு முடியும் நேரத்துக்குப் பஸ் இல்லாமல் இருக்கலாம். மாநில அளவிலான கோரிக்கையோடு, கிளை தானே தேர்ந்தெடுத்த ஒரு கோரிக்கையும் எப்போதும் கையில் இருக்கட்டும். வென்றெடுக்கக்கூடிய அளவில் அது இருந்தால் இன்னும் நல்லது. ஒருமுறை வென்ற கிளையை அடுத்த வேலைக்குக் கெஞ்சி அழைக்க வேண்டியதில்லை.

படி 3: செய்தி இரு பக்கமும் ஓடட்டும்

வெளியூர்த் தொலைபேசிக்குப் பெரும் செலவான காலத்தில், மாதம் ஒரே கட்டணத்தில் எவ்வளவும் பேசக்கூடிய ‘வாட்ஸ்’ என்ற இணைப்பை எஸ்.என்.சி.சி. பயன்படுத்தியது. களப்பணியாளர்கள் சொன்ன கைது, தாக்குதல், வாக்காளர் பதிவுச் செய்திகளை அட்லாண்டா தலைமையகத்தில் தட்டச்சு செய்து வைத்தார்கள். பத்திரிகைகளுக்கும் ஆதரவாளர்களுக்கும் அந்த விவரங்கள் போயின. எங்கோ ஒரு சிற்றூரில் அடிபட்டவர் தனித்து விடப்படவில்லை.

நம்மிடம் கைபேசி இருக்கிறது, ஒழுங்குதான் தேவை. வாரம் ஒருநாள், குறித்த நேரத்தில், ஒவ்வொரு கிளையும் மூன்று விவரங்கள் சொல்லட்டும்: என்ன நடந்தது, எங்கே தடை, என்ன உதவி வேண்டும். அவற்றைத் தொகுத்து ஒரே பக்கமாக எல்லாக் கிளைகளுக்கும் அனுப்புங்கள். உதவி கேட்டவருக்கு இரண்டு நாளுக்குள் பதில் சொல்லுங்கள், முடியாது என்ற பதிலாக இருந்தாலும். அறிவிப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு, அரட்டைக்கு இன்னொன்று என்று பிரித்துவிடுங்கள்.

படி 4: நேரில் போங்கள்

மாதம் ஒருமுறையாவது கிளைக்குப் போங்கள். பேச்சாளராகப் போகாமல், அவர்கள் துண்டறிக்கை கொடுக்கும்போது கூட நின்று கொடுங்கள். முடிந்தால் பக்கத்துக் கல்லூரித் தோழர் ஒருவரையும் அழைத்துப் போங்கள். கிளைக்கும் கிளைக்கும் நேரடிப் பழக்கம் வளரும். பிள்ளையின் படிப்பு கெட்டுவிடுமோ, வழக்கு வந்துவிடுமோ என்று அஞ்சும் பெற்றோரிடம் உட்கார்ந்து பேசுவதும் உங்கள் வேலைதான்.

படி 5: எல்லோரும் வரக்கூடிய நேரத்தில் கூடுங்கள்

மாலை ஏழு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, பெண்கள் வரவில்லை என்று குறைப்படாதீர்கள். விடுதிக் கதவு அதற்கு முன்பே மூடியிருக்கலாம். மதிய இடைவேளையில் நாற்பது நிமிடம் போதும். யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்வது என்று முடிவாகாமல் கலையாதீர்கள். பாட்டுக்கும் இடம் கொடுங்கள்: எஸ்.என்.சி.சி. 1962-ல் ‘ஃப்ரீடம் சிங்கர்ஸ்’ என்ற பாடகர் குழுவையே அமைத்து, ஊர் ஊராகப் பாடி நிதி திரட்டியது.

படி 6: அடுத்த பொறுப்பாளரை இப்போதே தயார் செய்யுங்கள்

மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் தலைமை ஆண்டுதோறும் வெளியேறும். ஆகவே இறுதியாண்டுச் செயலாளரோடு ஒரு இரண்டாமாண்டு மாணவரை இணைச் செயலாளராக்குங்கள். கணக்கு நோட்டு, தொடர்பு எண்கள், மனுக்களின் நகல்கள் எல்லாம் இறுதித் தேர்வுக்கு முன்பே கைமாறட்டும். உண்டியல் வசூலின் வரவு செலவைக் கூட்டத்தில் வாசியுங்கள். பணத்தில் சந்தேகம் விழுந்தால் கிளை உடையும்.

படி 7: ஓய்வையும் திட்டமிடுங்கள்

தேர்வு மாதத்தில் போராட்ட அழைப்பைத் தவிர்த்து, அரியர் வைத்திருப்பவருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். விலகி நிற்பவரிடம் ஏன் வரவில்லை என்று கேட்காமல், எப்படி இருக்கிறார் என்று விசாரியுங்கள். பெரிய வேலை முடியாதவருக்குச் சுவரொட்டி எழுதும் சின்ன வேலை கொடுக்கலாம்.

முதல் மாதத்திலேயே ஏழு படிகளையும் தொடங்க வேண்டாம். நிலவரப் பட்டியலையும் வாராந்தரச் செய்தியையும் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்து எந்தக் கிளைக்குப் போவது, யாரைத் தயார் செய்வது என்பதை அந்த இரண்டுமே காட்டிக்கொடுக்கும்.